மிஸ் லோர்னாவும் ஒரு குளிசையும்

திருகோணமலைத் துறைமுகக் கந்தோரில் முப்பத்தொரு வருடம் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்ற சிவகுருநாதன், இரண்டாயிரமாம் ஆண்டு தொடக்கத்தில் தன் மனைவி புஸ்பராணியை "மிஸ் லோர்னா" என்று கூப்பிடத் தொடங்கினார். அவள் குசினியிலிருந்து வந்தால் எழும்பிக் கதிரையை இழுத்துப் போட்டார். தேத்தண்ணி கொடுத்தால் நன்றி சொன்னார். இத்தனை வருடக் குடித்தனத்தில் இந்த இரண்டும் நடந்ததேயில்லை. அதனால் இது டொக்டரிடம் காட்டவேண்டிய பெரிய வருத்தம்தான் என்று புஸ்பராணிக்கு உடனே விளங்கிவிட்டது.

கொழும்பு டொக்டர் தாளில் படம் கீறிக் காட்டினார்.

"இது அல்சைமர், அம்மா. மூளைக்குள்ள செய்தி கொண்டுபோக ஒரு இரசாயனம் இருக்கு. அதை உடைக்க ஒரு நொதியமும் இருக்கு. இது எல்லாருக்கும் உள்ளதுதான். ஆனா இவருக்கு அந்த இரசாயனமே குறைஞ்சுபோச்சு. மிச்சத்தையும் நொதியம் உடைச்சுப்போடுது."

"பேப்பரில சண்டைச் செய்தி வெட்டுற அரசாங்கத் தணிக்கைக்காரன் மாதிரி எண்டு சொல்லுங்கோ."

டொக்டர் கதவை ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஓம். இந்தக் குளிசை அவனைக் கொஞ்சம் தடுக்கும். வருத்தம் மாறாது. கொஞ்சக் காலம் சமாளிக்கலாம்."

திரும்பி வரும்போது கந்தளாய்க்குக் கிட்ட இருந்த சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்தார்கள். ஒரு சிப்பாய் குளிசைப் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, யாருக்கு என்று கேட்டான். புஸ்பராணிக்குச் சிங்களம் வராது. புருஷனின் தலையைக் காட்டி விரலைச் சுழற்றினாள். அதற்குள் சிவகுருநாதன் நல்ல கந்தோர்ச் சிங்களத்தில் அவளை அறிமுகப்படுத்தி வைத்தார்: இவர் மிஸ் லோர்னா, எங்கள் டைப்பிஸ்ட், லீவில் போகிறார்.

அடையாள அட்டையில் புஸ்பராணி என்று இருந்தது. இரண்டு பேரையும் இறக்கி வைத்துவிட்டார்கள். டொக்டரின் கடிதத்தை வாசிக்கத் தெரிந்த அதிகாரி வர ஒன்றரை மணித்தியாலம் சென்றது. அவ்வளவு நேரமும் சிவகுருநாதன் தன் கைலேஞ்சியால் அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

குளிசை தொடங்கி ஆறாவது கிழமை ஒரு மத்தியானம் அவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தார். "இஞ்சை, புஸ்பம், சொதிக்கு உப்புப் போட்டனியோ?"

மருந்து வேலை செய்தது. புஸ்பராணிக்குக் கண் கலங்கியது. கோபமும் வந்தது. இரண்டு நாள் பொறுத்துக் கேட்டாள்.

"லோர்னா ஆர்?"

"எந்த லோர்னா?"

அவர் முகம் துடைத்த கண்ணாடிபோல் இருந்தது. அது நொதியத்தின் வேலையா, புருஷன்மாரின் வேலையா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை. அடுத்த தரம் கொழும்புக்குப் போனபோது, குளிசையைக் கூட்டித் தரச் சொல்லி டொக்டரிடம் கேட்டாள். அவரும் எப்படியும் கூட்டத்தான் இருந்தார். அஞ்சு மில்லிகிராம் பத்தாகியது.

பத்தில் மூன்றாவது கிழமை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், ஒருவரும் கேட்காமலே சொன்னார்.

"லோர்னா அவுஸ்திரேலியாவுக்குப் போட்டாள். உன்னைக் கட்ட முதல் அவளைக் கேட்டனான். மாட்டன் எண்டிட்டாள்."

"ஏனாம்?"

"என்ர கையெழுத்தை டைப் அடிச்சே கண் போச்சாம். காலம் முழுக்க வாசிக்க ஏலாதாம்."

புஸ்பராணி அகப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அவளுக்குப் புரையேறிவிட்டது. சிவகுருநாதன் ரோசத்தோடு பார்த்தார். பிறகு, தன் தண்ணீர்க் கோப்பையை அவள் பக்கம் தள்ளினார்.