நீதிபதிக்கு முன்னால் நடந்தவர்

டவாலி சட்டப் புத்தகங்களை அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார். நீதிபதிக்கு அன்று கடைசி வேலைநாள். சிறிய நீதிமன்றமொன்றில் சைக்கிள் திருடர்களை விசாரித்துவந்த காலத்தில் அவரே பார்த்து அமர்த்திய ஆள் இந்த டவாலி. மாற்றலான ஊருக்கெல்லாம் கூடவே போனார். நீதிபதி கொலை வழக்குகளை விசாரிக்கும் பதவிக்கு உயர்ந்தபோதும் முன்னால் நடந்து, "அமைதி!" என்று குரல் கொடுத்தவர் இவரே. அந்த மிடுக்கைக் கண்டு குமாஸ்தாக்கள் வைத்த பெயர் 'சின்ன ஜட்ஜ்'.

அமர்த்தியவர் ஓய்வு பெற்றால் இந்த வேலையும் அன்றோடு சரி. புதிய நீதிபதி வைத்துக்கொண்டால் உண்டு. "இன்னிக்காவது வாயைத் திறந்து கேளுங்க. பொண்ணுக்கு இன்னும் படிப்பு முடியல," என்று மனைவி காலையில் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"கூரை ஒழுகுமே, அந்தக் கோர்ட் ஞாபகம் இருக்கா?" என்றார் நீதிபதி, கண்ணாடியைத் துடைத்தபடி.

"மறக்குமா ஐயா? நான் குடை பிடிக்க, நீங்க தீர்ப்பு எழுதினீங்க. கூண்டுல நின்ன திருடன்கூட, 'ஐயா நனையிறாரு, என்னைச் சீக்கிரம் உள்ள போடுங்க'ன்னானே!"

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

பெரிய தண்டனை விதிக்கும் நாள்களில் நீதிபதி டவாலியை எதிரே உட்காரவைத்துத் தீர்ப்பை வாசித்துப் பார்ப்பார். முதல் தூக்குத் தண்டனையன்று அந்த வரியை அவரால் தாண்டவே முடியவில்லை. டவாலிதான் தண்ணீர்க் குவளையை நிரப்பி நிரப்பி நீட்டினார்.

அந்த நினைப்பு தந்த துணிவில், "புது ஐயாகிட்ட என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..." என்று இழுத்தார் டவாலி.

நீதிபதியின் முகம் வாடியது. "என்னய்யா, நீயே இப்படிக் கேக்கலாமா? என் தம்பி மகனுக்கே சொன்னதில்லையே. 'எங்க ஐயாகிட்ட சிபாரிசு நடக்காது'ன்னு வாசல்லயே எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்ப!"

"ஆமாங்கய்யா." பெருமையோடு அவர் சொல்லிவந்த வாசகம்தான். குனிந்து, பெட்டியின் வாயை மடித்துக் கயிறு கட்டினார்.

நீதிபதி அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் காரில் ஏறினார்.

அலுவலகத்தில் குமாஸ்தா காத்திருந்தார். பக்கத்தில், புதிய நீதிபதியின் மைத்துனர் அனுப்பிவைத்த இளைஞன்.

"சின்ன ஜட்ஜே, பட்டையைக் கழட்டிக் குடுத்துருங்க. நாளைலேர்ந்து இவர்தான்."

பித்தளை வில்லை பதித்த சிவப்புக் குறுக்குப் பட்டையைத் தலைவழியே கழற்றிக் கொடுத்தார். இளைஞன் அதைத் தலைகீழாக மாட்டிக்கொண்டான்.

"அப்படி இல்ல தம்பி," என்று அருகே போனார் டவாலி. பட்டையைத் திருப்பிப் போட்டு, வில்லையை அவன் நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்து, தோளில் சுருண்டிருந்த மடிப்பை உள்ளங்கையால் மெல்ல நீவிவிட்டார்.