கறுப்புத் துணி இருந்த இடம்

1982 அக்டோபர் 14, வியாழக்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு, 1975 முதல் இந்தோனேசிய ராணுவத்தின் பிடியில் இருந்த கிழக்குத் திமோரின் உவாய்லெதே கிராமத்துப் பள்ளி மைதானத்தில் ஒரு ராணுவ ஹெலிகாப்டர் இறங்கியது. அதில் வந்த வெளிநாட்டுத் தூதரக அதிகாரி நாற்பது நிமிடம் அங்கே இருந்தார்.

அவருடைய நாடு போன வருடம் திமோரின் உரிமை பற்றிய ஐ.நா. வாக்கெடுப்பில் எந்தப் பக்கமும் சேராமல் ஒதுங்கியிருந்தது. அடுத்த மாதம் மறுபடியும் வாக்கெடுப்பு. இந்தோனேசியாவோடு இருக்கத் திமோர்க்காரர்கள் மனம் இசைந்துவிட்டார்களா என்று நேரில் பார்த்து எழுத அவரை அனுப்பியிருந்தார்கள். ஊர்க்காரர்களின் தெத்தும் மொழியை அதிகாரிக்குத் தெரிந்த இந்தோனேசிய மொழியில் சொல்லும் பொறுப்பு பள்ளி ஆசிரியர் அனக்லேத்தோவுடையது.

அனக்லேத்தோவின் தம்பி லியோனெலை ராணுவம் பிடித்துப் போய் ஐந்து வாரம் ஆகியிருந்தது.

"எல்லாம் நல்லபடியா முடியட்டும் வாத்தியாரே, ஞாயித்துக்கிழமை சர்ச்சுப் பூசைக்கு உன் தம்பி வந்துடுவான்" என்று இந்தோனேசிய ராணுவக் கேப்டன் ஹர்த்தோனோ முந்தின நாள் சொன்னார். முடியாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை.

கேப்டன் இட்ட கட்டளை ஒன்றுதான். கண்ணில் கறுப்பு படக்கூடாது. வீட்டில் சாவு விழுந்தால் அந்த ஊரில் ஒரு வருடம் கறுப்பு உடுத்துவார்கள். வருடம் முடிந்ததும் உறவு கூடி, விருந்து வைத்து அதைக் களைவார்கள். முழுக் கறுப்பு உடைக்கு வழியில்லாத காலம் அது. உள்ளங்கை அகலத் துணியைச் சட்டையின் இடப்பக்கம் குத்திக்கொள்வதோடு சரி. அனக்லேத்தோ வீடு வீடாகப் போய் முப்பத்தொரு துண்டுகளை வாங்கி வந்தார்.

"ஏன் வாத்தியாரே, கறுப்பப் பாத்தா அந்த வெள்ளக்காரனுக்குக் கண்ணு அவிஞ்சுபோயிருமா?" என்றாள் எர்மெலிந்தா. கணவன் செத்து ஏழு மாதம்.

"ஒரே ஒரு நாள்தான் அக்கா. என் தம்பிக்காக."

"வருஷம் முடியாம அவுத்தா செத்தவன் சும்மா விடுவானா? எனக்கு ராத்தூக்கம் போச்சுன்னா உன்னத்தான் வந்து எழுப்புவேன்." சொல்லிவிட்டு ஊசியைக் கழற்றினாள்.

காலையில் பெண்கள் வரிசையாக வெயிலில் நின்றபோதுதான் அனக்லேத்தோ பார்த்தார். ஆளுக்கு ஒரே சட்டை. மாதக்கணக்காக வெயிலில் வெளுத்த சட்டை. துணி குத்தியிருந்த இடம் மட்டும் வெளுக்கவில்லை. முப்பத்தொரு மார்பிலும் பழைய நிறத்தில் ஒரு சதுரம்.

அதிகாரி அரிசி கிடைக்கிறதா என்று கேட்டார், பள்ளியைப் பற்றிக் கேட்டார். பதில்கள் ஒப்பித்து வைத்தபடியே வந்தன. பிறகு எர்மெலிந்தாவின் முன் நின்றார்.

"இது என்ன? எல்லார் சட்டையிலும் இருக்கிறதே?"

கேப்டன் குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. கண்கள் மட்டும் அனக்லேத்தோவிடம் திரும்பின.

அனக்லேத்தோ கேள்வியைத் தெத்துமில் சொன்னார்.

"செத்துப்போன எம் புருஷனுக்காகக் குத்தினது" என்றாள் எர்மெலிந்தா, நிறுத்தி நிதானமாக. "நேத்து அவுக்கச் சொன்னாங்க. இங்க நிக்கிற அத்தன பேருக்கும் அதே கததான். ஒரு வார்த்த கொறைக்காமச் சொல்லு வாத்தியாரே."

கேப்டனுக்குத் தெத்தும் தெரியாது. ஆனால் அவருக்குப் பின்னால் நின்ற ஊர்க்காரச் சிப்பாய்க்குத் தெரியும். அனக்லேத்தோ அவனை ஒருமுறை பார்த்துவிட்டு அதிகாரியிடம் திரும்பினார்.

"மாதர் சங்கத்து அடையாளத் துணி ஐயா" என்றார். "துவைக்கக் கழற்றியிருக்கிறார்கள்."

"இவ்வளவு பேருமா உறுப்பினர்கள்?"

"முப்பத்தொரு பேர்."

அதிகாரி குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். எர்மெலிந்தாவுக்கு இந்தோனேசிய மொழி வராது. அவர் எழுதுவதைப் பார்த்து அவள் தலையை ஆட்டினாள். தான் சொன்னதைத்தான் எழுதுகிறார் என்று நினைத்தாள். அதிகாரி அவள் கையைக் குலுக்கினார்.

ஹெலிகாப்டர் எழும்பியதும் கேப்டன் அனக்லேத்தோவின் தோளில் கை போட்டார். "மாதர் சங்கமா! உன் மண்டைய ஜகார்த்தாவுக்கே அனுப்பலாம்யா." கையை எடுக்கவில்லை. "அந்தாளு மறுபடி வந்து கேட்டா சங்கம் இருக்கணும்ல? திங்கக்கிழமை பேரெல்லாம் எழுதிக் கொண்டா."

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு லியோனெல் வந்தான். அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவர்கள் இருந்த வரிசையில் வேறு யாரும் உட்காரவில்லை.

அடுத்த வாரம் முப்பத்தொரு பெண்களுக்கும் இந்தோனேசியக் கொடியின் சிவப்பு வெள்ளைத் துணி கொடுத்து இடப்பக்கம் குத்திக்கொள்ளச் சொன்னார்கள். எர்மெலிந்தாவும் குத்திக்கொண்டாள்.

அதிகாரி எழுதிய அறிக்கை இரண்டு பக்கம். கிராமங்களில் பெண்கள் சங்கமாகத் திரண்டிருக்கிறார்கள், புதிய ஆட்சிக்கு மக்கள் பழகிவிட்டார்கள் என்று அதில் இருந்தது.

நவம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. திமோரின் உரிமைக்கான தீர்மானத்தை அந்த நாடு எதிர்த்து வாக்களித்தது.