திரும்பி வந்த மண்

பொழுது புலர்வதற்குள் மண்வெட்டி பிடித்த கைகள் மரத்துவிட்டன. பழைய பேட்டரி ஆலை இருந்த இடம் அது. ஆலையை மூடிப் பல வருஷமாகியும் மண்ணை விட்டு விஷம் போகவில்லை. கொத்தினால் கறுப்பாகக் கொழகொழவென்று வரும், மூச்சை இழுத்தால் நாக்கில் துரு ருசிக்கும். அதைச் சுரண்டி லாரியில் ஏற்றித் தொலைவில் கொண்டுபோய்ப் புதைக்க வேண்டும். பள்ளத்தில் நல்ல மண்ணைக் கொட்டி நிரப்ப வேண்டும். பிறகு அங்கே ஏழைகளுக்கு வீடு எழும்பும். செலவு முழுக்க அரசாங்கத்துடையது, அதாவது ஊரார் வரிப்பணம்.

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். பாலைப் பார்த்தாலே தண்ணீர் எவ்வளவு என்று கேட்பவன். ஊர்ப்பணம் கான்ட்ராக்டர் கைக்குப் போகிறது என்றதுமே எனக்கு உறுத்தியது. தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா? ஆனால் இவன் பானையையே விழுங்குகிறான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

பக்கத்தில் அண்ணி வெட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் இதே ஆலையில் ஈயம் உருக்கி, உடம்பு உருகிச் செத்தான். அண்ணிக்கும் அவள் மகளுக்கும் இங்கே வரப்போகும் வீடுகளில் ஒன்றை ஒதுக்கியிருந்தார்கள்.

"ஜன்னல் எந்தப் பக்கம் வரும் தம்பி?" என்று தினமும் கேட்பாள்.

"மொதல்ல செவுரு வரட்டும் அண்ணி."

கொடுத்த ரப்பர் கையுறை சீக்கிரமே கிழியும். புதிது கேட்டால் வசவுதான் கிடைக்கும். அண்ணி சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டுப்போட்டுக்கொள்வாள். அன்று காலை ஒட்டுக்கும் அடங்காமல் கிழிந்தபோது, எரிச்சலில் லாரியில் ஏற்றிய மண்ணுக்குள்ளேயே வீசினாள். கிழிந்ததைத் தனி டிரம்மில் போட வேண்டும் என்று உத்தரவு. டிரம் மைதானத்தின் மறுகோடியில் இருந்ததால் நாங்கள் யாரும் போட்டதில்லை.

மதியம் அதே லாரி 'நல்ல மண்' கொண்டுவந்து கொட்டியது. மேலே பளிச்சென்று செம்மண். பரப்பப் போன அண்ணி அப்படியே நின்றாள். செம்மண்ணுக்கு அடியில் அதே கறுப்பு மண், அதற்குள் டியூப் ஒட்டுப்போட்ட கையுறை.

"தம்பி, இது என்னோடது."

"நல்லாப் பாருங்க அண்ணி."

"நான் போட்ட ஒட்டு எனக்குத் தெரியாதா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்தார்கள். எனக்கு லாரி டிரைவர் மேல்தான் கோபம் பாய்ந்தது. யாரோடும் பேசமாட்டான் என்பதால் அவனுக்கு மௌனசாமி என்று பெயர் வைத்திருந்தோம். அவன் கான்ட்ராக்டரின் ஒற்றன் என்று நான் எப்போதோ தீர்ப்பெழுதியிருந்தேன். சட்டையைப் பிடித்தேன்.

"எங்கடா கொட்டுற?"

"எங்கயும் கொட்டல. பின் கேட் வழியா ஒரு சுத்து. மேல செம்மண்ணத் தூவித் திரும்பக் கொண்டாரச் சொல்றாங்க. வெளிய சொன்னா வேலை போயிடும்னு வாய மூடிட்டிருந்தேன். என் தங்கச்சிக்கும் இங்கதாண்ணே வீடு."

சட்டையை விட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஜீப்பிலிருந்து கான்ட்ராக்டர் இறங்கினான். "என்ன கூட்டம்? நாளைக்கு ஆபீசர் வர்றார். பரப்பி ரோலர ஓட்டுங்க."

"இது காலைல நாங்க வெட்டுன மண்ணுங்க," என்றேன்.

"மண்ணுல உன் பேரு எழுதியிருக்கா?"

அண்ணி கையுறையைத் தூக்கிக் காட்டினாள். அவன் குரல் சட்டென்று இறங்கியது.

"இங்க பாரும்மா. புகார்னு போனா எல்லாம் நின்னுபோகும். அப்புறம் எந்தக் காலத்துல வீடு வரும்? உனக்கு வீடு வேணுமா, வேண்டாமா?"

அண்ணி கையுறையைப் புரட்டி ஒட்டைத் தடவினாள். என் பாழும் புத்தி அவளையும் சந்தேகப்பட்டது. ஒழுகும் வாடகை அறையில் மகளோடு மூலையில் ஒண்டிக் கிடப்பவள். சரி என்று சொன்னால்தான் யார் குறை சொல்ல முடியும்?

"வேணும்," என்றாள் அண்ணி. "நாளைக்கு எம் பொண்ணுக்கு ஒரு புள்ள பொறந்தா, அது இந்த மண்ணத்தான் அள்ளி வாயில போடும். அவ அப்பன இது தின்னது போதும்."

குவியலுக்கு முன்னால் சாக்கை விரித்து உட்கார்ந்தாள். "ஆபீசர் வந்து பாக்குற வரைக்கும் இதுல யாரும் கை வைக்கக் கூடாது."

நாங்களும் உட்கார்ந்தோம். மௌனசாமி லாரியை ரோலருக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு, சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தான்.

கான்ட்ராக்டர் சிரித்தான். "உக்காருங்க, நல்லா உக்காருங்க. வெளிய வேலைக்கு ஆளா இல்ல?"

கேட்டைத் திறக்கச் சொன்னான். தினமும் வேலை கிடைக்குமா என்று வாசலில் காத்து நிற்பவர்கள் உள்ளே வந்தார்கள். முடிந்தது கதை என்று நினைத்தேன். காய்ந்த வயிற்றிடம் நியாயம் பேச முடியுமா? முன்னால் வந்த பெண் எங்கள் மண்வெட்டி ஒன்றை எடுத்தேவிட்டாள். பிறகு தயங்கி, அண்ணியைப் பார்த்தாள்.

"என்னக்கா ஆச்சு?"

அண்ணி கறுப்பு மண்ணைக் காட்டி நடந்ததைச் சொன்னாள்.

"அங்க என்ன பேச்சு? வெட்டுங்க!" கான்ட்ராக்டர் கத்தினான்.

அந்தப் பெண் குவியலை வெகுநேரம் பார்த்தாள். மண்வெட்டியைக் கீழே வைத்தாள்.

"கொஞ்சம் நகந்து உக்காருங்கண்ணே," என்றாள் என்னிடம்.

நகர்ந்தேன். அவள் பின்னால் வந்தவர்களில் சிலர் இன்னும் நின்று யோசித்தார்கள், சிலர் உட்கார ஆரம்பித்தார்கள். நாளை வரும் அதிகாரி யார் பக்கம் நிற்பாரோ, அந்தச் சந்தேகம் எனக்குத் தீரவில்லை. ஆனால் விரித்த சாக்கு போதவில்லை. மௌனசாமி எழுந்து இன்னும் கொஞ்சம் எடுத்துவரப் போனான்.