காவல் மாத்திரை

"கதவ இழுங்க பாய், கால் வெளிய நிக்குது!"

நவமணி கத்தினாள். அவள் மடியில் கிடந்த கணவன் ஐயாவுவின் தலை அடுப்புக் கல்லாய்ச் சுட்டது. மூச்சு மேல்மூச்சாக வாங்கியது. பக்கத்துச் சாப்பாட்டுக்கடை மதார் சாகிப், வேனிலிருந்த வெங்காய மூட்டைகளைத் தெருவிலேயே உருட்டிவிட்டு அவனைத் தூக்கிப் போட்டிருந்தார். சிலிபின் வட்டாரம் முழுவதும் மழை. ஞாயிற்றுக்கிழமை, ஒரு டாக்சி கூட இல்லை.

வண்டி நகர்ந்ததும் குறுக்கே ஒரு கறுப்புக் குடை. சாகிப் பிரேக்கில் ஏறி நின்றார்.

"சாவுறதுக்கு வேற வண்டி கெடைக்கலையா ஒனக்கு?"

குடைக்குக் கீழே இருளாயி. ஐயாவுவின் அக்கா. சுங்கை சிப்புட் பக்கம், துண்டு துண்டாக விற்றுப்போன ரப்பர் தோட்டத்தின் பழைய லயத்து வரிசை வீடொன்றில் தனியாக இருப்பவள். வேனுக்குள் எட்டிப் பார்த்தாள். குடையை வீசிவிட்டு உள்ளே ஏறி, தம்பியின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். தோளில் தொங்கிய துணிப்பையை மட்டும் விடாமல் மார்போடு அணைத்திருந்தாள்.

"சீக்கிரம் போங்கலா பாய்!" என்றாள் நவமணி.

"பறக்கிறதுக்கு ரெக்கை வைக்கலம்மா இதுக்கு" என்றார் சாகிப். ஆனால் பறந்தார்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் கோலாலம்பூரில் ஐயாவுவுக்குச் சிறுநீரகம் மாற்றினார்கள். கொடுத்தவள் இருளாயி. அதிலிருந்து ஞாயிறு தவறாமல் பஸ் ஏறிவிடுவான். "கிட்னி மொதலாளிய பாத்துட்டு வாரேன்" என்று சிரிப்பான். திரும்பி வரும்போது அந்தச் சிரிப்பு இருக்காது. கேட்டால் பேச்சை மாற்றுவான். நவமணிக்கு அப்போதிருந்தே ஒரு சந்தேகம் நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது. லயத்தில் வேருக்கும் இலைக்கும் பஞ்சமில்லை. தம்பிமேல் உயிரை வைத்திருக்கும் அக்கா எதையாவது அரைத்துக் கொடுக்காமலா இருப்பாள்?

"என்னக்கா குடுத்தீங்க அவருக்கு?"

இருளாயி நிமிர்ந்து பார்த்தாள். "நான் ஒன்னுங் குடுக்கல புள்ள."

"கஷாயமா?"

"மாரியாத்தா சத்தியமா ஒன்னுங் குடுக்கல."

பையைப் பிடித்திருந்த விரல்கள் இன்னும் இறுகின. நவமணி அதைப் பார்த்தாள். பெரிய ஆஸ்பத்திரி வாசல் வந்துவிட்டது, இல்லையென்றால் அந்தப் பையைப் பிடுங்கியிருப்பாள்.

மூக்கையும் வாயையும் மூடி ஆக்சிஜன். நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர் செல்வநாயகத்தின் முகம் மாறியது.

"ரெண்டு நுரையீரலும் வெள்ளையா மூடியிருக்கும்மா. தினம் ஒரு பெரிய வெள்ள மாத்திரை குடுத்தோமே, அத சாப்பிட்டாரா?"

"காவல் மாத்திரைதானங்கய்யா? காலைல எல்லா மாத்திரையும் நானே தட்டுல எடுத்து வைப்பேன். டீ ஆத்திட்டு வாரதுக்குள்ள தட்டு காலியாயிரும்."

அந்தப் பெயரை வைத்தவரே இந்த டாக்டர்தான். புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே மருந்து கொடுத்து அடக்கிவைக்கிறோம். அந்த நேரம் பார்த்துக் கிருமி உள்ளே நுழையும். நோய் வருவதற்கு முன்பே வாசலில் நிறுத்தி வைக்கிற காவல்காரன் இந்த மாத்திரை என்று சொல்லியிருந்தார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் இப்போது. "சாப்பிடலன்னா, இது அந்த மாத்திரை தடுக்கிற கிருமிதான். அதே மருந்த ஊசியா அதிகமா ஏத்துனா பொழைக்க வழி இருக்கு. ஒழுங்கா சாப்பிட்டும் வந்திருக்குன்னா இது வேற கிருமி. அதுக்கு வேற மருந்து, ரொம்ப முரட்டு மருந்து. கிட்னியே போனாலும் போயிரும். சோதன பண்ணிப் பாக்க நேரமில்ல."

ஐயாவுவின் காதருகே குனிந்தார். "சாப்பிட்டீங்களா ஐயாவு?"

ஐயாவு கண்ணைத் திறந்தான். அவன் பார்வை டாக்டரைத் தாண்டி, மனைவியைத் தாண்டி, சுவரோரம் நின்ற அக்காவிடம் போய் நின்றது. மெல்லத் தலையாட்டினான். சாப்பிட்டேன்.

நர்ஸ் முரட்டு மருந்துப் பாட்டிலைக் கம்பியில் தொங்கவிட்டாள். இருளாயி சுவரிலேயே ஒட்டிக்கொண்டு நின்றாள். நவமணிக்கு ஆத்திரம் பொங்கியது. இவள் கொடுத்த சிறுநீரகம், இவள் கொடுத்த ஏதோ ஒரு இலையாலேயே போகப்போகிறது. வாயைத் திறக்கிறாளா பார்!

ஊசி அவன் கையருகே வந்தது.

"ஏத்தாதீங்க!"

இருளாயி பாய்ந்து நர்ஸின் மணிக்கட்டைப் பிடித்தாள். "அவன் பொய் சொல்றான்யா! அவன் சாப்பிடல!"

ஐயாவுவின் கை மெல்ல எழுந்தது. எழுந்து, தன் உச்சந்தலையிலேயே போய் விழுந்தது.

"ஆமாடா, ஒன் தலையில கை வைக்கச் சொல்லிதான் சத்தியம் வாங்குன" என்று அழுதாள் இருளாயி. "சொன்னா ஒன் தலை வெடிச்சுரும்னியே. சொல்லாட்டியும் போவுதேடா!" நவமணியின் பக்கம் திரும்பினாள். "நான் ஒன்னுங் குடுக்கல புள்ள. அவன்தான் எனக்குக் குடுத்தான்."

பைக்குள்ளிருந்து ஒரு மைலோ பானத்தூள் டின் வெளியே வந்தது.

"'எனக்குள்ள இருக்கிற ஒன் கிட்னிக்கு நவமணியே காவல் இருக்கா. ஒனக்கு மிச்சம் ஒன்னே ஒன்னுதான், அதுக்கு யாருக்கா காவல்? சேலை துணிக்குப் பதிலா இது தம்பி சீரு, தின்னு'ன்னு வாராவாரம் கையில வச்சு மூடுனான். போன வாரம் இருமுனான்யா. எனக்குப் பயமாப் போச்சு. திருப்பிக் குடுக்கத்தான் இன்னைக்கு வந்தேன்."

டாக்டர் பாட்டிலைக் கழற்றி, மற்ற மருந்தைக் கொண்டுவரச் சொல்லி நர்ஸை விரட்டினார். நர்ஸ் ஓடினாள். அவர் இருளாயியைப் பார்த்தார்.

"நீங்க எத்தன சாப்பிட்டீங்கம்மா?"

"தம்பி குடுத்த சீர யாராச்சும் முழுங்குவாங்களாய்யா?"

நகத்தால் நெம்பி மூடியைத் திறந்தாள். சாமி படத்துக்கு முன்னாலேயே வைத்திருந்தாள் போல. கழுத்து வரை நிரம்பிக் கிடந்தன வெள்ளை மாத்திரைகள், ஒன்று குறையாமல், மேலெல்லாம் குங்குமம் சிந்தி.