மூணாம் நம்பர்

நீல டிரம்மைச் சாய்த்து உருட்டிக்கொண்டு வந்தபோது அது சூப்பிரண்டின் கால் கட்டைவிரல் மேல் ஏறி இறங்கியது. வலி உச்சந்தலை வரை போயிற்று. வழக்கமாக இந்த இடத்தில் அவர் வாயிலிருந்து ஒரு வசை கிளம்பும். அது சமையலறையில் இருக்கும் மனைவி காதில் விழும். அவளும் காதில் விழாதது போலப் பாத்திரத்தை உருட்டுவாள். இன்று வசை தொண்டை வரை வந்து, போய்ச் சேர இடமில்லாமல் அங்கேயே நின்றுவிட்டது.

அவள் அன்று விடிகாலையில் ஆஸ்பத்திரியில் இறந்துபோயிருந்தாள். பதினோரு மணிக்குள் கொண்டுவந்துவிடுவோம் என்று மகள் போனில் சொல்லியிருந்தாள். அதற்குள் ஹாலைக் காலி செய்ய வேண்டும். ‘இது வீடா, சோப்புக் கிடங்கா’ என்று அவர் ஏழு வருஷமாகக் கத்தியும் நடக்காத காரியம் இன்று முக்கால் மணி நேரத்தில் நடந்துகொண்டிருந்தது. இரண்டு டிரம், பதினாறு கேன், காலி பாட்டில் மூட்டைகள், புனல்கள், ஒரு தராசு. பக்கத்து வீட்டுக்காரரும் அவருமாக எல்லாவற்றையும் பின்பக்கம் கடத்தினார்கள். ஹால் பெரிதாக இருந்தது. இவ்வளவு பெரிய ஹால் தன் வீட்டில் இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

அரசாங்க அலுவலகம் ஒன்றில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு பெற்றாலும் பதவி அவரை விடவில்லை. தெருவில் எல்லோருக்கும் அவர் சூப்பிரண்டுதான். மனைவி செய்த வேலைக்கு அவர் வைத்திருந்த பெயர் ‘பொழுதுபோக்கு’. கை கழுவும் சோப்பு, பாத்திரம் துலக்கும் சோப்பு, தரை துடைக்கும் திரவம் என்று மூன்றையும் அவள் கலக்கி, பாட்டிலில் ஊற்றி, ஒரு பல் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இரண்டு ஹோட்டலுக்கும் கொடுத்துவந்தாள். ஆட்டோ பிடித்து அவளே கொண்டுபோய் இறக்குவாள். அந்த நேரத்தில் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

பாட்டிலில் ஒட்டும் பெயர்ச்சீட்டு மட்டும் ஏனோதானோவென்று இருந்தது. வெள்ளைத்தாளில் ஜெராக்ஸ் எடுத்து, கத்தரித்து, மேலே செல்லோடேப் ஒட்டுவாள். நாலு தடவை ஈரக்கை பட்டால் மை கரைந்து, தாள் ஊறி, கையோடு வந்துவிடும். மூன்று மாதத்துக்கு முன் பல் ஆஸ்பத்திரியில் அப்படி இரண்டு பாட்டில் மொட்டையாக நின்றிருக்கின்றன. பெருக்குகிற அம்மாள் தரைத் திரவத்தை எடுத்துக் கை கழுவும் இடத்தில் வைத்துவிட்டாள். அதில் கை கழுவிய நர்ஸுக்கு உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். மனைவி நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து, அன்று முழுக்கச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். இவர் ஏன் என்று கேட்கவில்லை. டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவளுக்கு லேபிள் பைத்தியம் பிடித்துக்கொண்டது. தண்ணீரில் ஊறாத ஸ்டிக்கர் எது, பாட்டிலை அமுக்கினால் சுருங்காதது எது, லேபிள் அச்சடிக்கும் மெஷினுக்கு மை ரிப்பன் வேண்டுமா வேண்டாமா என்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் கேட்பாள். இரண்டு துண்டு ஸ்டிக்கரைக் கையில் பிடித்துக்கொண்டு, “இது பளபளன்னு இருக்கு, இது மங்கலா இருக்கு. உங்களுக்கு எது பிடிக்குது?” என்பாள். அவர் நிமிராமலே, “ஏதாவது ஒண்ணு” என்பார்.

கடைசியில் லேபிள் விற்கிறவர் யாரோ நம்பர் போட்டு நாலு வகை மாதிரி கொடுத்தார். அவள் நாலையும் நாலு பாட்டிலில் ஒட்டினாள். மூடியில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எழுதினாள். சோப்புத் தண்ணீர் நிறைத்த வாளியில் அமிழ்த்திப் பின்பக்கம் வைத்தாள். மறுநாள் காலையில் கால் இரண்டும் வீங்கி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, மாத்திரை எங்கே, சாவி எங்கே என்று ஒன்றும் சொல்லவில்லை. “வாளிய மட்டும் தொடாதீங்க” என்றாள்.

ஐந்தாம் நாள் அவர் அந்த வாளியில் இடறினார். தண்ணீர் ஒரு மாதிரி நாறவும் செய்தது. அப்படியே தூக்கிக் கொட்டினார். பாட்டில்கள் பழைய சாமான்காரரின் சாக்குக்குள் போயின. வாளியில் தரை துடைக்கும் துணியைப் போட்டுவைத்தார். இது ஒரு பெரிய விஷயமாக அப்போது தோன்றவில்லை.

ஆனால் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து தினமும் கேட்டாள். ஒட்டியிருக்கா என்று கேட்டாள். இருக்கு என்றார். ஓரம் எதுவும் தூக்குதா என்றாள். இல்லை என்றார். கொட்டிவிட்டேன் என்று சொல்ல மூன்று நாள் வாய் வரை வந்தது. மூன்று நாளும் நர்ஸ் உள்ளே வந்தாள், அல்லது வந்ததாக அவர் வைத்துக்கொண்டார்.

நேற்றுக் காலை, அவளுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோதும் அதைத்தான் கேட்டாள். மூன்று வாரம் ஆகிவிட்டதே, எந்த நம்பர் தாங்குகிறது என்றாள்.

“மூணு” என்றார். வாயில் வந்த நம்பர் அது.

“மூணா?”

“ஆமா, மூணு. கல்லு மாதிரி ஒட்டியிருக்கு. நகத்தால சுரண்டிப் பாத்தேன், வரல.”

அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு, “சரி” என்றாள். தண்ணீர் கேட்டாள். பொய்யைக் கல்லு மாதிரி, நகத்தால் என்று ஜோடித்துச் சொன்னதில் அவருக்கு அப்போது ஒரு சின்னத் திருப்திகூட இருந்தது. இப்போது காலி ஹாலில் நின்று அதை நினைத்தால் காது மடல் சுட்டது.

பதினோரு மணிக்கு அவளைக் கொண்டுவந்து ஹால் நடுவில் படுக்கவைத்தார்கள். மகள் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அழுது அழுது அவள் முகம் உப்பியிருந்தது. வந்ததும் பின்பக்கம் கை கழுவப் போனவள், துணி போட்ட வாளியைப் பார்த்துவிட்டு ஒரு நிமிஷம் நின்றதை அவர் பார்த்தார்.

மனைவியின் அண்ணன் வந்தார். மச்சானுக்கும் சூப்பிரண்டுக்கும் பேச்சுவார்த்தை அறுந்து எட்டு வருஷம். ஒரு கல்யாண வீட்டில், நாலு பேருக்கு முன்னால், “என் தங்கச்சி வாயத் திறந்தா இவர் டிவி சத்தத்த ஏத்துவாரு” என்று மச்சான் சொல்லிவிட்டார். அது உண்மையாக இருந்ததால் சூப்பிரண்டால் மன்னிக்க முடியவில்லை. இன்று மச்சான் தங்கையின் காலைத் தொட்டு அழுதுவிட்டு, இவர் பக்கம் திரும்பாமல் வாசலில் ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

பன்னிரண்டு மணிக்கு ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். பின்சீட்டில் ஒரு அட்டைப்பெட்டி கட்டியிருந்தது. கூட்டத்தைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் யாரிடமோ விசாரித்தார். அந்த லேபிள்காரர்தான். மெஷினை ஓட்டிக் காட்ட இன்றைக்கு வரச் சொல்லியிருந்தாளாம்.

அவர் உள்ளே வந்து அவள் முன்னால் கைகூப்பி நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெளியே வந்து, “சூப்பிரண்டு சார் யாருங்க?” என்று கேட்டார். மச்சான் மோவாயால் காட்டினார்.

“சார், நேத்து மத்தியானம்கூட மேடம் பேசினாங்க. நான் வீட்ல இல்லைன்னாலும் அவர் இருப்பாரு, அவர்கிட்ட மெஷினக் காட்டுங்கன்னாங்க. இப்படி ஆகும்னு...”

சூப்பிரண்டு தலையசைத்தார். அந்த மனிதர் அத்தோடு போயிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். துக்க வீட்டில் இறந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லவேண்டும் என்று நினைக்கிற நல்ல மனிதர் அவர். சுற்றியிருந்தவர்களையும் சேர்த்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்.

“இருபது வருஷமா இந்த வியாபாரத்துல இருக்கேன். இவங்கள மாதிரி ஒரு ஜோடிய நான் பாத்ததில்ல. எது கேட்டாலும், ‘அவர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்’னுதான் மேடம் சொல்வாங்க. ரெண்டு நாள் கழிச்சு போன் வரும். அவருக்குப் பளபளப்பு வேண்டாமாம், லைட் வெளிச்சம் பட்டா எழுத்து தெரியாதாம்னு. கண்ணாடி போடாத ஆளும் படிக்கிற மாதிரி எழுத்து பெருசா வேணும்னு அவர் சொல்றார்னு. ரிப்பன் இல்லாத மெஷின் விலை கம்மின்னு நானே சொன்னேன். வேண்டாம், அது கடை பில்லு மாதிரி மங்கிடும்னு அவர் சொல்லிட்டார்னாங்க. சார் சொன்னதையெல்லாம் இப்ப மத்த கஸ்டமர்கிட்ட நான் சொல்லிட்டிருக்கேன்.”

அந்த எழுத்தும் பளபளப்பும் ரிப்பனும் எல்லாம் அவள் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து தனக்குத்தானே பேசிக்கொண்டவை. கேள்வியும் அவளே, பதிலும் அவளே. இவர் பங்குக்கு ‘ஏதாவது ஒண்ணு’.

மகள் உள்ளேயிருந்து தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள்.

“மூணு வாரம் வாளில ஊறப்போட்டு, தினம் எடுத்துப் பாத்து, அவங்க ஆஸ்பத்திரில இருக்கும்போதும் விடாம சொல்லியிருக்கீங்க” என்றார் லேபிள்காரர். “யாரு சார் செய்வா? நேத்து போன்ல, ‘அவர் பாத்துட்டாரு, ரெண்டாம் நம்பர்தான் தாங்குது’ன்னாங்க. சரியாச் சொன்னீங்க சார். ரெண்டுதான் பிளாஸ்டிக் ஸ்டிக்கர், பாட்டில அமுக்கினாலும் சுருங்காது. மூணாம் நம்பர் வெறும் பேப்பர். ரெண்டு நாள்ல ஊறி வந்துடும். வித்தியாசம் தெரியட்டும்னு சும்மா கொடுத்தேன். மேடத்துக்கும் அப்பவே சொல்லித்தான் கொடுத்தேன்.”

மூணா என்று அவள் நேற்றுக் கேட்டது சூப்பிரண்டின் காதில் விழுந்தது. கல்லு மாதிரி என்று தான் சொன்னதும் விழுந்தது. சுரண்டிப் பார்த்தேன் என்று அவர் ஜோடித்தபோதே அவர் வாளியைப் பார்க்கவே இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அத்தனை நாளும் தினமும் ‘இருக்கு, இருக்கு’ என்றதெல்லாம் என்ன என்றும் அந்த ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கிறது. தெரிந்து, சரி என்று சொல்லி, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, மூச்சு வாங்க வாங்கப் போன் போட்டு, சரியான நம்பரை அவர் பெயரில் சொல்லியிருக்கிறாள். உள்ளே அவள் முகம் இருக்கும் பக்கம் திரும்ப முடியவில்லை.

மச்சான் எழுந்து வந்தார். எட்டு வருஷம் கழித்து அவர் கை சூப்பிரண்டின் கையைப் பிடித்தது.

“மாப்ள, நான் அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது” என்றார். குரல் உடைந்தது. “என் தங்கச்சி வாய் விட்டு எதுவும் சொல்ல மாட்டா. நானா எதையோ நினைச்சுக்கிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க.”

பக்கத்து வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சினார். பேசாமல் இருந்தால் போதும், எல்லாம் அப்படியே நின்றுவிடும். அவள் அப்படித்தான் செய்துவைத்துவிட்டுப் போயிருந்தாள். ஆனால் மச்சானின் கை சூடாக இருந்தது. அதைத் தாங்க முடியவில்லை.

“நான் மூணுன்னுதான் சொன்னேன்” என்றார் சூப்பிரண்டு.

லேபிள்காரர் குனிந்து, குழந்தையிடம் பேசுவது போல மெதுவாகச் சொன்னார். “இல்ல சார். ரெண்டு. நான் எழுதியே வச்சிருக்கேன்.” சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து விரித்துக் காட்டினார். ‘2. சார் சொன்னது’ என்று அதில் எழுதியிருந்தது.

“வாளில ஒண்ணும் இல்ல. நான் கொட்டிட்டேன்.”

“அதனால என்ன சார். அதான் பாத்து முடிச்சுட்டீங்களே.”

“பாக்கல. நான் ஒரு நாளும் பாக்கல.”

லேபிள்காரர் மச்சானைப் பார்த்தார். மச்சான் கண்ணாலேயே போதும் என்று சைகை செய்தார். “மூணு வாரமா ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைஞ்சிருக்காரு. என்ன பேசறோம்னே தெரியல” என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். பிறகு தன் நாற்காலியை இழுத்துப் போட்டு, துண்டால் ஒரு தடவை துடைத்து, சூப்பிரண்டைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

மகள் உள்ளேயிருந்து எழுந்து வந்தாள். ஒரு டம்ளர் தண்ணீரை அவர் கையில் வைத்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனாள்.

அதற்குள் வாசலில் போட்டிருந்த நாற்காலிகள் எல்லாம் நிறைந்துவிட்டன. நாலு மணிக்கு வண்டி வரும்வரை மச்சான் அந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே இருந்தார். யாரோ கேட்டதற்கு, எனக்குக் கால் வலியெல்லாம் இல்லை, அவர் உட்காரட்டும் என்றார்.