மூன்றாவது போல்ட்

ஸ்டைனர் ஒரு கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்வெரும் ஊரில் இருக்கிற அவன் துப்பாக்கிக் கடையில் என்னைத் தவிர வேறு ஆள் இல்லை. எழுபத்திரண்டு வயதில், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி நின்றேன். அது என் பழைய வேட்டைக் கூட்டாளி இங்வாலின் துப்பாக்கி. இங்வால் மார்ச்சில் இறந்தான். அவன் மகள் அதை இந்தக் கடையில் விற்கக் கொடுத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, போலீஸ் அனுமதிக்கு எழுதிப்போட்டு, ஏழு வாரம் காத்திருந்து வந்திருந்தேன். இதெல்லாம் ஸ்டைனருக்குத் தெரியாது. பழைய ஜெர்மன் சாமான் மேல் கிழவனுக்கு ஆசை என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

"முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது. இது லாப்ஸ்கௌஸ். வீட்டுல கெடந்த மிச்சம் மீதியை எல்லாம் ஒரே சட்டியில போட்டுக் கிண்டினது. உடம்பு நாப்பத்திமூணுல செஞ்சது, ஜெர்மன்காரன் தோத்தப்போ போட்டுட்டு ஓடினது. குழல் நம்ம ராணுவம் மாத்தினது. கட்டையை எவனோ வேட்டைக்காரன் செதுக்கியிருக்கான். அதுகூடப் பரவாயில்ல. போல்ட் இருக்கு பாருங்க, அது சுத்தமா வேற வீட்டுப் பிள்ளை."

"நம்பர் என்ன?"

"உடம்புல 2963. போல்ட்ல..." லென்ஸை நகர்த்தினான்.

4417 என்று சொல்வான் என்று காத்திருந்தேன். அந்த எண்ணைக் கேட்பதற்காகத்தான் வந்திருந்தேன்.

"8508."

"சரியாப் பாரு."

"பெரியவரே, லென்ஸ் என் கண்ணுல இருக்கு. எட்டு, அஞ்சு, சைபர், எட்டு. வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க, எனக்கு வருத்தமில்ல."

வேண்டும் என்றேன். துணி உறைக்குள் போட்டுக் கொடுத்தான். வண்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியைப் போடாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். முதலில் வந்தது கோபம்தான். படுபாவி இங்வால், என் போல்ட்டை ஆற்றில் எறிந்துவிட்டான் என்று நினைத்தேன். சொல்லப்போனால், அதற்கான உரிமையும் அவனுக்கு இருந்தது.

இருபத்து மூன்று வயதில் நானும் அவனும் சேர்ந்து போய், ராணுவம் கழித்துக்கட்டிய துப்பாக்கிகளில் ஆளுக்கொன்று வாங்கினோம். ஒரே பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தவை. அவனுடையது 2963, என்னுடையது 4417. உடம்பிலும் போல்ட்டிலும் ஒரே எண். போல்ட் என்றால், தோட்டாவைத் தள்ளிப் பூட்டுகிற, கைப்பிடி வைத்த இரும்பு உருளை. அதை உருவிவிட்டால் துப்பாக்கி வெறும் தடி. எங்கள் வேட்டைக் குடிசையில் இங்வால்தான் தலைவன். உள்ளே நுழைந்ததும் ஒவ்வொருவனும் போல்ட்டை உருவி அடுப்புக்கு மேலே இருக்கிற பலகையில் வைக்க வேண்டும். வைக்காதவனுக்குக் காபி கிடையாது. இருபத்தேழு வருடம் அப்படித்தான் போனது. ஒரு தடவைகூடப் போல்ட் மாறியதில்லை.

பிறகு அந்த அக்டோபர். மூன்று பருவமாக என் பக்கம் ஒரு எல்க் மான்கூட வரவில்லை. குடிசையில் கேலி தாங்க முடியவில்லை. நாலாவது வருடம் ஒரு பெட்டை வந்து சதுப்பு ஓரத்தில் நின்றது. சுட்டேன். கன்றோடு வருகிற பெட்டையைச் சுடக் கூடாது, கன்றைத்தான் முதலில் சுட வேண்டும் என்பது எங்கள் ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். தாயில்லாத கன்று குளிர்காலத்தைத் தாண்டாது. "கன்னு இருந்துச்சா?" என்று இங்வால் கேட்டான். இல்லை என்றேன். மறுநாள் காலையில் நாங்கள் குடலை எடுத்துப் போட்ட இடத்தில் கன்று நின்றுகொண்டிருந்தது. அதை இங்வால்தான் சுட வேண்டி வந்தது. திரும்பி வந்து ஆறு பேர் முன்னால், சத்தம் போடாமல், "நீ பாத்திருக்கே ஹால்வர்" என்றான். அந்த ஒரு வார்த்தைதான். நான்தான் கத்தினேன். நீ என்ன போலீஸா என்றேன், இன்னும் என்னென்னவோ சொன்னேன். துப்பாக்கியை எடுத்து, பலகையில் கைக்கு அகப்பட்ட போல்ட்டைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

வீட்டில் துடைக்க உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன். 2963.

அவனும் அன்றைக்கே பார்த்திருப்பான். அவன் வரட்டும் என்று நான் இருந்தேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். குளோமா ஆற்றுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன், நடுவில் பதினோரு கிலோமீட்டர். பழுது பார்க்கிறவனிடம் காட்டினேன், பொருந்துகிறது, ஆபத்தில்லை என்றான். வேறு அணியில் சேர்ந்து அவனுடைய போல்ட்டிலேயே பத்தொன்பது இலையுதிர்காலம் சுட்டேன். என் மனைவி இறந்தபோது தேவாலயத்தில் கடைசி வரிசையில் அவன் தலை தெரிந்தது. வாசலுக்கு வந்து பார்த்தேன், போய்விட்டிருந்தான். அவன் சாவைச் செய்தித்தாளில் படித்தேன். அடக்கத்துக்குப் போக வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டினேன். அது அங்கேயே தொங்கியது.

கடையிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியில் பாலம் வந்ததும், வண்டியை இங்வால் வீட்டுப் பக்கம் திருப்பினேன்.

அவன் மகள் மாரித் முற்றத்தில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்றிருந்தாள். சின்ன வயதில் என் மடியில் உட்கார்ந்து வாஃபிள் தின்றவள். இப்போது தலை பாதி நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொள்ள அவளுக்கு ஒரு கணம்கூட ஆகவில்லை.

"அடேங்கப்பா, வந்துட்டீங்களா," என்றாள். "அஞ்சு மாசம் லேட்டு."

"துப்பாக்கியை நான்தான் வாங்கினேன்."

"நீங்களா? ஒரு போன் போட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்பேனே. ரெண்டு பேருக்கும் அதே வியாதி, வாயத் திறந்து கேக்கவே மாட்டீங்க." கையைத் துடைத்துக்கொண்டாள். "இருங்க. உங்களோடது ஒண்ணு இருக்கு. கூரியர்ல அனுப்பலாம்னு பாத்தேன், இரும்பைப் பாத்து பயந்துடுவாங்களோன்னு விட்டுட்டேன்."

உள்ளே போய், சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை ஒன்றைக் கொண்டுவந்தாள். ஒற்றைக் காலுறை, பாதத்தில் கனமாக எதுவோ. கையை விட்டு எடுத்தேன். எண்ணெய் மணத்தது. 4417.

"அவரு அலமாரியில சட்டைக்கு அடியில வெச்சிருந்தாரு. வருஷா வருஷம் செப்டம்பர்ல எடுத்து எண்ணெய் போடுவாரு, துடைப்பாரு, திரும்ப வெப்பாரு. இதையே மாட்டிச் சுட்டாத்தான் என்னன்னு அம்மா கேட்டுச்சு. 'அது இரவல் பொருள், தேயக் கூடாது'ன்னாரு. வேற ஒண்ணு எங்கேயோ தேடிப்பிடிச்சு வாங்கி மாட்டிக்கிட்டாரு."

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னானா?"

"'அந்தக் கழுதை வருவான், வந்தா குடுத்துடு.' அவ்வளவுதான். ஆஸ்பத்திரியிலயும் அதேதான்."

அவனிடம் சொல்ல வேண்டியதை யாரிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்று தோன்றியது. எதிரே நின்றவள் அவள்தான்.

"மாரித், நான் கன்னைப் பாத்தேன். பிர்ச் மரத்துக்குப் பின்னால ரெண்டு காதும் தெரிஞ்சுது. பாத்துட்டுத்தான் சுட்டேன்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். கேலியெல்லாம் போய்விட்டிருந்தது.

"எந்தக் கன்னு?" என்றாள்.

இங்வால் சொல்லவே இல்லை. மனைவியிடமும் மகளிடமும்கூட. எங்கள் பள்ளத்தாக்கில் அந்தப் பேச்சு பரவாமல் நின்றதற்கு அந்த ஆறு பேரின் நல்ல மனதுதான் காரணம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவர்கள் வாயை அவன்தான் கட்டியிருக்கிறான்.

"ஒண்ணுமில்ல," என்றேன். "பழைய கதை."

"காபி போடட்டுமா மாமா?"

அந்த 'மாமா'வைத்தான் தாங்க முடியவில்லை. இன்னொரு நாள் என்று சொல்லி வண்டி ஏறினேன். இன்னொரு நாள் கிடையாது, வீட்டை விற்றாகிவிட்டது, சாவி வெள்ளிக்கிழமை கைமாறுகிறது என்று அவளே சொன்னாள்.

வீட்டுக்கு வந்து சமையல் மேஜையில் செய்தித்தாளை விரித்து இரண்டு துப்பாக்கியையும் கிடத்தினேன். 8508-ஐ உருவினேன். அது யாருடையதோ, எந்தப் படைவீரன் கையிலிருந்ததோ, எங்களுக்கு நடுவில் அகப்பட்டு இத்தனை வருடம் உழைத்திருக்கிறது. அதைக் காலுறைக்குள் போட்டேன். என் துப்பாக்கியிலிருந்த அவனுடையதை உருவி அவனுடையதில் செருகினேன், என்னுடையதை என்னுடையதில். என்னுடையது இறுக்கமாகப் போயிற்று. அவனுடையது வழுக்கிக்கொண்டு போயிற்று. இரண்டும் சரியாகப் பூட்டின. உடம்பும் போல்ட்டும் ஒரே எண், ஸ்டைனர் பார்த்தால் வாயைப் பிளப்பான். நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருந்தேன். யாரிடம் காட்டுவது?

காபி வைத்தேன். ஊற்றப் போகும்போது பழக்கதோஷத்தில் கை நின்றது. திரும்பி வந்து இரண்டு போல்ட்டையும் உருவி, அடுப்புக்கு மேலே மசாலா டப்பாக்களை ஒதுக்கிவிட்டு, பலகையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். அப்புறம்தான் ஊற்றினேன்.

ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் பலகை மேல் விழுந்தது. எண்ணைப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நீலக் கருப்பாக, அன்றைக்கு வைத்தது மாதிரியே இருந்தது என்னுடையது. என் கையில் கைப்பிடி தேய்ந்து வெள்ளிபோல் மின்னியது அவனுடையது.