வரிசையில் மீதமிருந்த பேச்சு

மில் காலனியில் ஒரு வீட்டுக்குள் பேசப்படும் பேச்சு, அந்த வீட்டுக் கணினியின் வழியாகத்தான் காதுக்கு வந்து சேரும். கணினி புதியதாக இருந்தால் சொன்ன கணமே கேட்கும். பழையதாக இருந்தால் பேச்சு வரிசையில் நின்று, தன் முறை வரும்போது கேட்கும். அதனால் பழைய கணினி வைத்திருப்பவர்கள் அவசரமான எதையும் வாசல் கேட்டுக்கு வெளியே வந்துதான் பேசிக்கொள்வார்கள். புதிதாகக் குடிவருபவர்களுக்குக் குப்பை வண்டி வரும் நேரத்தைச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுவது வழக்கம்.

சௌந்தரவல்லி வீட்டுக் கணினி காலனியிலேயே மிகப் பழையது. அவள் கணவர் சிதம்பரநாதன் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். பணி முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் வாய் ஓயாதவர். அவர் இறந்து சில ஆண்டுகள் கழிந்தும் அவர் பேசி வைத்தது தீரவில்லை. காலையில் சவரம் செய்தபடி செய்தித்தாளோடு வாதாடுவார். மதியம் தயிர் புளித்துவிட்டது என்பார். சௌந்தரவல்லி அரிசி களைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். கணினிக்குக் கூடுதல் சுமை வேண்டாம் என்று, அவர் போன நாளிலிருந்து அவள் வீட்டுக்குள் ஒரு சொல்லும் பேசியதில்லை.

எதிர்வீட்டு ஞானசெல்வம் தினமும் கோலம் போட வரும்போது விசாரிப்பாள்.

"அண்ணாச்சி இன்னைக்கு என்ன சொன்னாவ?"

"குடையைக் காணுமாம்."

"இந்த வெயில்லயா?"

"அவருக்கு அங்க ஐப்பசி."

ஞானசெல்வம் தலையாட்டிவிட்டுப் புள்ளியை வைக்கத் தொடங்குவாள்.

சௌந்தரவல்லி ஒரே ஒரு வாக்கியத்துக்காகத்தான் காத்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று, ஆட்டோ வாசலில் நிற்க, சிதம்பரநாதன் நிலைப்படிக்கு உட்புறம் நின்று திரும்பி அவளைப் பார்த்து ஏதோ சொன்னார். உதடு அசைந்ததை அவள் பார்த்தாள். கேட்டைத் தாண்டியபோது மறுபடி சொல்ல அவருக்கு மூச்சு இல்லை. பிறகு அவர் திரும்பி வரவில்லை. அந்த வாக்கியம் வரிசையின் கடைசியில் நின்றது.

வளைகாப்பு முடிந்து மகள் பூரணி தாய்வீட்டுக்கு வந்தாள். பெட்டியை உள்ளே வைத்துவிட்டு அம்மாவைக் கேட்டுக்கு வெளியே அழைத்தாள்.

"பிள்ளை அழுதா எனக்கு எப்பம்மா கேக்கும்? அது கல்யாணம் ஆகிப் போனப்புறமா?"

புகுந்த வீட்டில் புதிய கணினி இருப்பதையும், இங்கே பிராசசரை மாற்றாவிட்டால் பிரசவத்துக்கு அங்கேயே திரும்பிவிடப்போவதையும் அவள் கோபமில்லாமல் சொன்னாள். பிறகு சற்றுத் தணிந்து, அப்பாவின் பேச்சு முடிந்துபோய்விடும் என்று பயமா என்று கேட்டாள்.

"முடியட்டும். கேக்காமப் போயிரக் கூடாது," என்றாள் சௌந்தரவல்லி.

பஸ் நிலையத்தருகே கணினிக் கடை வைத்திருந்த வேலாயுதம், சிதம்பரநாதனுக்குச் சித்தப்பா மகன். மறுநாள் டார்ச்சும் திருப்புளியுமாக வந்து, கேட்டருகிலேயே நிலைமையை விளக்கினான்.

"பேச்செல்லாம் மதர்போர்டுலதான் நிக்கி மதினி. பிராசசரை மட்டும் மாத்தினா அண்ணன் விறுவிறுன்னு வந்து முடிஞ்சிருவாவ. போர்டு ஒத்துக்கிடலன்னா, போர்டையே மாத்தணும். அப்படி மாத்தினா அண்ணன் போனதுதான்."

"முதல்ல ஒத்துக்கிடுமான்னு பாருங்க."

உள்ளே போய்க் கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினான். ஒவ்வொன்றையும் பார்த்த பிறகு அவனும் சௌந்தரவல்லியும் கேட்டுக்கு நடந்துவந்து பேசிவிட்டுத் திரும்பினார்கள். பிராசசர் உட்காரும் சாக்கெட் புதியதற்குப் பொருந்தியது. போர்டின் எண்ணைத் தன் கைபேசியில் தட்டிப் பார்த்து, அது ஏற்கும் பட்டியலில் புதிய பிராசசர்கள் இருப்பதையும் உறுதிசெய்துகொண்டான். ஆனால் போர்டு அதை அடையாளம் கண்டுகொள்ள, போர்டை எழுப்பும் அடிப்படை நிரலான பயாஸைப் புதுப்பித்தாக வேண்டும். பாதியில் மின்சாரம் தடுமாறினால் போர்டு எழுந்திருக்காது.

"அப்ப பவர் சப்ளையைத்தான் முதல்ல பாக்கணும்," என்றாள் சௌந்தரவல்லி.

வேலாயுதம் பார்த்தான். மேலே ஒட்டியிருந்த வாட் கணக்கு போதுமானதாகத்தான் இருந்தது. சுமை ஏற்றியதும் வோல்ட் மீட்டரின் முள் சரிந்தது. திறந்து காட்டினான், உள்ளே கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தது. சும்மா இருக்கும்போது தாங்கும், அண்ணன் மூச்சுவிடாமல் பேசினால் தாங்காது என்று வெளியே வந்து சொன்னான். பேச்சில்லாத நேரத்தில் அணைத்தால் ஒன்றும் ஆகாது, நடுப்பேச்சில் அணைந்தால் வரிசையில் மிச்சமிருப்பது அத்தனையும் அழிந்துவிடும்.

புதிய பவர் சப்ளை வாங்கி மாட்டினார்கள். அதன் எட்டு ஊசி இணைப்பு இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி போர்டின் நான்கு ஊசி இடத்தில் சரியாக அமர்ந்தது. பூரணி எல்லாவற்றிலும் வேகமான பிராசசரையே போடச் சொன்னாள். வேலாயுதம் மறுத்துவிட்டான்.

"அதுக்கு வேண்டிய கரண்டை இந்த போர்டு குடுக்காதும்மா. சூடாயிரும். உங்கப்பா பேச்சு கருகி வரும்."

ஒரு படி குறைந்ததைத் தேர்ந்தார்கள். பயாஸ் புதுப்பிக்கப்படும் வரை மூவரும் கேட்டருகே நின்றார்கள். ஞானசெல்வமும் விளக்குமாற்றைச் சாத்திவிட்டு வந்து நின்றாள்.

பிராசசரை மாற்றி, பசை தடவி, மின்விசிறியைப் பொருத்திவிட்டு வேலாயுதம் கிளம்பினான். சௌந்தரவல்லி முகம் கழுவி, நாற்காலியைக் கூடத்து ஜன்னலருகே இழுத்துப்போட்டுக்கொண்டு, பூரணியைச் சுவிட்சைப் போடச் சொல்லிச் சைகை காட்டினாள்.

சிதம்பரநாதன் வந்தார். அவர் வேகமாகப் பேசவில்லை. பேச்சுக்கு நடுவில் இருந்த மாதங்கள் மட்டும் காணாமற்போயின. குடை கிடைத்தது. மழை விட்டது. தீபாவளிக்கு எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று கேட்டார். கல்லூரிக்குக் கிளம்பும் பூரணி, "அப்பா, பஸ் போயிரும்ப்பா" என்று கத்தினாள். சுவிட்சருகே நின்றிருந்த பூரணி அதைக் கேட்டுச் சிரித்தாள். தைப்பொங்கல் வந்தது. மாம்பழம் வந்தது. காய்க்காரியிடம் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசினார். அன்று யாருமில்லாதிருந்த கூடத்தில், நடைமேடைகளையும் தாமதத்தையும் அறிவிக்கும் தன் நிலையக் குரலில், சாப்பாடு தயாரா என்று கேட்டார். அந்தக் கடைசிக் கோடையில் இந்த அறிவிப்பு தினமும் இருந்ததை சௌந்தரவல்லி மறந்திருந்தாள். பிறகு இருமல் வந்தது. வாக்கியங்கள் சிறுத்தன. தண்ணீர் கேட்டார். சட்டையைக் கேட்டார்.

பவர் சப்ளை சீராக ஓடியது.

"வல்லி, கொல்லைக் குழாய் சொட்டுது. இறுக்கிட்டு வா."

அதோடு பேச்சு நின்றது.

சௌந்தரவல்லி எழுந்து கொல்லைக்குப் போனாள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. இறுக்கினாள். அது நிற்கும் வரை பார்த்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்தபடி உள்ளே வந்தாள்.

"முடிஞ்சிருச்சாம்மா?" என்று பூரணி கேட்டது உடனே காதில் விழுந்தது.

"முடிஞ்சிருச்சு." தன் குரல் அந்தக் கூடத்தில் சற்றுத் தடித்துப்போயிருப்பதாக அவளுக்குத் தோன்றியது. "குழாயைச் சொல்லியிருக்காவ."

பூரணி தாயின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். வரிசையில் எதுவும் மிச்சமில்லாததால், புதிய பிராசசர் இன்னும் யாரும் பேசாத, இனி வரவேண்டிய பேச்சுகளை எடுக்கத் தொடங்கியது.

"ஆச்சி, என் ஒத்த சாக்ஸைக் காணும்," என்றது உள்ளறையிலிருந்து ஒரு பெண்குழந்தையின் குரல்.

பூரணி ஒரு கையை வயிற்றில் வைத்தபடி, மேசைமேல் கிடந்த துணிகளைப் புரட்டிப் பார்த்தாள். சௌந்தரவல்லி உள்ளறைக்குப் போய்க் குனிந்தாள்.

"கட்டிலுக்கு அடியிலதான் கெடக்கு," என்றாள், தூசியைத் தட்டி அந்தச் சின்ன சாக்ஸை வெளியே எடுத்தபடி. "கழட்டினா ஒரு இடத்துல வைக்கணும்லா."